தேவசகாயம் என்னும் பெயரும் யோபுவின் கதையும்

கடவுளை நம்பினோர்க்குத் துன்பம் வருவது ஏன் என்னும் வினா சமயங்கள் அனைத்திற்கும் பொதுவானது. தமிழர் இவ்வினாவை அரிச்சந்திரன் கதையிலும் திருநாவுக்கரசர் வரலாற்றிலும் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளனர். நாடிழந்த அரிச்சந்திரன் முடிவில் நாட்டை மீளப் பெற்றான். நீற்றறையில் இடப்பட்ட நாவுக்கரசர் ஊறின்றி வெளிப்போந்தார். ஆயின், நம்பினவன் மீட்கப்படாமலே மாய்வானாயின் அந்நம்பிக்கைக்குப் பொருள் யாது? இவ்வினாவை முன்னிறுத்தித் தென்திருவிதாங்கூரில் வாழ்ந்த தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

அவர்தம் இயற்பெயர் நீலகண்டர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலம் என்னும் ஊரில், 1712ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் பிறந்தார். நாயர் குடியினரான அவர், 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மரின் பணியில் அமர்ந்து, பத்மநாபபுரத்தில் மதிப்புடன் வாழ்ந்தார்.

1741இல் குளச்சலில் நடந்த போரில் ஒல்லாந்தர் தோற்றனர். சிறைப்பட்டோருள் டிலனாய் என்பாரும் ஒருவர். அரசர் அவருடைய போர்த்திறனைக் கண்டு, தம் படையைப் பயிற்றும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். பணியின் வழியே நீலகண்டருக்கும் டிலனாய்க்கும் நட்பு ஏற்பட்டது. அக்காலத்து நீலகண்டருக்குக் கால்நடைகள் மடிதல் முதலிய இழப்புகள் அடுத்தடுத்து நேர்ந்தன என்றும், மனம் சோர்ந்திருந்த அவருக்கு டிலனாய் யோபுவின் கதையை எடுத்துரைத்தார் என்றும் வரலாறு எழுதினோர் கூறுவர்.

ஈண்டு நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. கதை சொன்னவரும் இழந்தவரே. போரில் தோற்று, பகைவர் கையிற் சிக்கி, அயல்மண்ணில் வாழ நேர்ந்தவர் டிலனாய். அவர் 1777இல் திருவிதாங்கூர் மண்ணிலேயே மறைந்தார். அவர்தம் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இன்றும் உளது. ஆகவே, யோபுவின் கதை துன்பமறியாதார் ஒருவர் துன்புற்றார்க்குச் சொன்ன அறிவுரை அன்று. துன்புற்றார் இருவர் பகிர்ந்துகொண்ட ஆறுதல் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

அக்கதைதான் யாது? யோபு என்னும் நேர்மையாளன் தன் 7,000 ஆடுகளையும் 3,000 ஒட்டகங்களையும் பிற செல்வங்களையும் இழக்கிறான். மக்கள் பதின்மரும் மாள்கின்றனர். உடல் முழுதும் புண்ணாகிறது. தேற்ற வந்த நண்பர் மூவரும், அவன் செய்த பாவமே துன்பத்திற்குக் காரணம் என வாதிடுகின்றனர். யோபு அதனை ஒப்பவில்லை. தான் பிறந்த நாளையே பழித்து, கடவுளிடமே முறையிடுகிறான். 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் முடிவில் கடவுள் பேசுகிறார். ஆயினும் துன்பத்தின் காரணத்தை அவர் விளக்கவில்லை. நண்பரைக் கடிந்து, முறையிட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார். முறையீடு நம்பிக்கையின்மை ஆகாது என்பது இதனாற் பெறப்படும். பின்னர் யோபுவின் ஆடுகள் 14,000 ஆகவும் ஒட்டகங்கள் 6,000 ஆகவும் இருமடங்காகின்றன. மக்களோ மீண்டும் பதின்மரே பிறக்கின்றனர், மாண்டவர் மீளவில்லை. இழந்தவை யாவும் மீண்டன என்று யோபுவின் கதையையும் முற்றக் கூறிவிட இயலாது.

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயர் அவருக்கு இடப்பட்டது. கடவுள் உதவினார் என்னும் பொருளுடைய அவ்வெபிரேயப் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம் என்பது. அவர் மனைவியும் திருமுழுக்குப் பெற்றுத் தெரேசா எனப்பட்டார். அப்பெயர் ஞானப்பூ எனத் தமிழில் வழங்கிற்று.

விவிலியத்தில் இலாசர் என்னும் பெயருடையார் இருவர் உளர். ஒருவர், இறந்து நான்கு நாள் ஆனபின் உயிர்ப்பிக்கப்பட்ட பெத்தானியா ஊரினர். மற்றவர், இயேசு சொன்ன உவமையில் வருபவர். செல்வன் ஒருவனின் வாயிலில் புண்ணுடலோடு கிடந்து மடிந்த இரவலர். இம்மையில் முன்னவர்க்குக் கிடைத்த மீட்பு பின்னவர்க்குக் கிடைக்கவில்லை. எனினும், கடவுளின் உதவியைக் குறிக்கும் பெயரையே இருவரும் தாங்கினர். நம் தேவசகாயத்தின் வாழ்வு அவ்விரவலர் வழிச் சென்றது.

1749ஆம் ஆண்டு பிப்பிரவரி 23ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். அதற்குக் காரணம் சமய மாற்றமா, அரசியற் குற்றமா என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கிறித்தவரான டிலனாயை அவ்வரசரே பெருமைப்படுத்தியமையின், கிறித்தவம் என்பது மட்டுமே பகைக்குக் காரணம் எனல் பொருந்தாது. அயலார் ஒருவர் தம் சமயத்தில் நிலைத்தல் வேறு; உயர்குடி அலுவலர் ஒருவர் குலவழக்கை விடுத்து, எல்லாச் சாதியாரோடும் வேறுபாடின்றிக் கலந்து பழகுதல் வேறு. பின்னையதே அன்றைய சமுதாய ஒழுங்கை அசைத்தது எனக் கருதுதற்கு இடமுண்டு.

எருமை மீதேற்றி ஊரூராகக் கொண்டு சென்றமை, பிரம்படி, புண்ணில் மிளகாய்ப்பொடி தூவியமை, பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தமை முதலிய கொடுமைகளை மரபுச் செய்திகள் விரித்துரைக்கின்றன. புலியூர்க்குறிச்சிப் பாறையில் நீர் சுரந்தது போன்ற செய்திகள் மக்கள் நம்பிக்கையைச் சார்ந்தவை. அவற்றை ஆவணச் சான்றுகளோடு ஒப்ப வைத்தல் ஆராய்ச்சி நெறி ஆகாது. 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகிலுள்ள காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சிய எலும்புகள் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டன.

சிறைப்பட்ட நாள் முதல் இறந்த நாள் வரை மூன்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம். ஒருகணத் துணிவினால் உயிர்விடுதல் ஒன்று; ஆயிரத்துக்கு மேற்பட்ட நாள்கள், ஒவ்வொரு நாளும் புதிதாகத் துணிதல் மற்றொன்று. பழைய சமயத்திற்குத் திரும்பின் பழைய பதவி கிட்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாக மரபு கூறும். அஃது உண்மையாயின், யோபுவுக்கு இறுதியில் அருளப்பட்ட இருமடங்குச் செல்வத்தைப் போன்றதொன்று இவருக்கும் காட்டப்பட்டது; ஆயின் நம்பிக்கையை விட்டாலன்றி அது கிட்டாது. அதனை அவர் கொள்ளவில்லை. கதையின் முடிவிலுள்ள பரிசைக் கருதி அவர் யோபுவைப் பின்பற்றினாரல்லர் என்பது இதனால் விளங்கும். யோபு சாம்பலில் அமர்ந்து, விடையேதும் பெறாது கடவுளையே நோக்கியிருந்த அந்த நடுப்பகுதியே அவர் கற்ற பாடம் ஆகும்.

சகாயம் என்னும் சொல்லுக்குத் துன்பத்தினின்று விடுவித்தல் என்பது ஒரு பொருள். துன்பத்தில் உடனிருத்தல் மற்றொரு பொருள். முன்னதை மட்டும் கொண்டால் தேவசகாயம் என்னும் பெயர் காற்றாடிமலையில் பொய்த்தது எனல் வேண்டும். பொதுமக்கள் அவ்வாறு கருதினாரல்லர். தமிழகத்தின் தென்கோடியில் அவர்தம் கதை வழிவழியாகப் பேணப்பட்டது; ஈழத்துத் தமிழரிடையே நாட்டுக்கூத்தாக ஆடப்பட்டது. 2012 திசம்பர் 2ஆம் நாள் அருளாளர் பட்டமும், 2022 மே 15ஆம் நாள் புனிதர் பட்டமும் அவருக்கு வழங்கப்பெற்றன. துறவியோ குருவோ அல்லாத பொதுநிலையினருள் இந்தியாவில் முதன்முதல் புனிதரானவர் அவரே. எனினும் இப்பட்டங்களை யோபுவின் இருமடங்குச் செல்வம்போல் எண்ணுதல் தகாது. அவை வந்தது அவர் மாய்ந்து 250 ஆண்டுகளுக்குப் பின்னரே. வேப்பமரத்தில் கட்டுண்டிருந்தவர் அவற்றை அறிந்திலர்.

கடவுள் உதவினார் என்பதை வரலாற்று நூலால் நிறுவ இயலாது. இயலும் என்று நாம் கூறவும் இல்லை. அவ்வுதவியை நம்பிய ஒருவர், விடுதலை வாராதபோதும் தம் பெயரை மாற்றிக் கொள்ளவில்லை என்பதை மட்டும் வரலாறு காட்டும். துன்பத்தினிடையே நம்பிக்கை என்பது யாது என வினவுவார்க்கு அதுவே தக்க விடையாம்.