மிஷ்காத் முதல் மொட்டை மாடி வரை: திறந்தவெளி விளக்கின் வரலாறும் ஒழுங்கும்

பொருநை நதி கடலில் கலப்பதற்கு முன் கடைசியாகத் தழுவிச் செல்லும் ஊர்களுள் ஆத்தூரும் ஒன்று. வெற்றிலைக் கொடிக்கால்களால் பெயர் பெற்ற இவ்வூரின் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழக்கே புன்னைக்காயல், தென்கிழக்கே காயல்பட்டினம், வடக்கே தூத்துக்குடி என முத்துக்குளித்துறையின் தொன்மையான ஊர்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. அண்மைக் காலமாக இப்பகுதியில் எழும் புதுமனைகள் பலவற்றில் சிறு தோட்டமும், மாலை நேரத்தில் குடும்பத்தார் அமரும் மொட்டை மாடியும் இடம்பெறுகின்றன. அவற்றுக்கு விளக்கமைப்பதும் ஒரு தனிக்கலையாக வளர்ந்துவருகின்றது. ஆனால், எத்தனை விளக்கு, எவ்விடத்தில், எவ்வளவு நேரம் என்ற வினாக்களுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் விற்பனையாளரின் விலைப்பட்டியலையே நாடுகின்றனர். இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றுக்குள் ஓர் ஒழுங்கும் உண்டு. அவற்றை நினைவுகூர்வது காலத்தின் தேவையாகும்.

மாடக்குழியின் நுட்பம்

திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூரின் 35ஆம் வசனம் இறையொளிக்கு ஓர் உவமையைக் கூறுகின்றது. அவ்வுவமையில் மாடம், விளக்கு, கண்ணாடி, எண்ணெய் ஆகியன வரிசையாக வருகின்றன. அங்கு ஆளப்பட்டுள்ள ‘மிஷ்காத்’ என்னும் சொல்லுக்கு விரிவுரையாளர்கள், சுவரின் மறுபக்கம் ஊடுருவிச் செல்லாத குழிவு எனப் பொருள் தந்தனர். நம் பழைய வீடுகளின் திண்ணைச் சுவரிலும் முற்றத்துச் சுவரிலும் காணப்படும் மாடக்குழி இதுவேயாகும். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இவ்வசனத்தை ஆராய்ந்து எழுதிய நூலுக்கு ‘மிஷ்காத்துல் அன்வார்’ என்றே பெயரிட்டார்கள்.

ஊடுருவாத குழிவு என்ற விளக்கத்தில் ஓர் அறிவியல் நுட்பமும் அடங்கியுள்ளது. மறுபக்கம் திறந்திருந்தால் காற்று புகுந்து சுடரை அலைக்கும், ஒளியும் சிதறிப்போகும். பின்புறம் அடைபட்டிருக்கும்போது சுண்ணாம்பு பூசிய குழிவு ஒளியைத் திருப்பி முன்னோக்கி அனுப்புகின்றது. பக்கவாட்டில் வருவோரின் கண்ணில் சுடர் நேரடியாகப் படுவதில்லை; சுவரும் தரையும் மட்டுமே ஒளிபெறுகின்றன. விளக்கை மறைத்து, ஒளி விழும் பரப்பைக் காட்டு என்பதே இன்றைய தோட்ட விளக்கமைப்பாளர்கள் போதிக்கும் முதற்பாடம். மாடக்குழி அதனைச் செய்துகாட்டிய கருவியாகும்.

கண்ணும் ஒளியும் பற்றி ஆராய்ந்த இப்னுல் ஹைதம் (கி.பி. 965–1040) தமது ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலில், வலுவான ஒளி கண்ணைத் தாக்கும்போது மெல்லொளி உடைய பொருள்கள் புலனாகாமற் போவதை எடுத்துரைத்தார். விண்மீன்கள் பகலிலும் வானில் இருந்தும் நமக்குத் தெரியாமைக்கு இதுவே காரணம். இருளுக்குக் கண் முழுமையாகப் பழகுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் தேவை. கண்கூசும் விளக்கு ஒன்று சில நொடிகளில் அதனைக் கெடுத்துவிடும். முழுநிலவின் ஒளி தரையில் 0.3 லக்ஸைத் தாண்டுவதில்லை. ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் தருவது ஏறத்தாழ 1 லக்ஸ். இருளுக்குப் பழகிய கண்ணுக்கு இவ்வளவே நடமாடப் போதுமானது.

அறமாக வளர்ந்த விளக்கு

பள்ளிவாசல்களில் முதன்முதலில் விளக்கேற்றியவர் நபித்தோழர் தமீமுத்தாரீ (ரலி) அவர்கள் என்ற செய்தி இப்னு மாஜாவின் தொகுப்பில் காணப்படுகின்றது. பிற்காலத்தில் எகிப்திலும் சிரியாவிலும் ஆட்சிசெய்த மம்லூக் சுல்தான்கள், கி.பி. 14ஆம் நூற்றாண்டில் வண்ணப்பூச்சிட்ட கண்ணாடிக் குவளைகளில் அந்நூர் வசனத்தையே பொறித்துப் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் தொங்கவிட்டனர். விளக்கேற்றும் பணியாளருக்கும் எண்ணெய்க்கும் தனியே வக்ஃபு வருமானம் ஒதுக்கப்பட்டது.

இத்தகைய அறம் தமிழ் மண்ணுக்கும் புதிதன்று. கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் வழங்கப்பட்ட செய்திகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஏராளமாகத் தருகின்றன. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பது அவற்றைப் பெற்றவரின் கடமையாயிற்று. ஒரு சுடரை இரவு முழுதும் காப்பதற்கு ஒரு மந்தையே தேவைப்பட்ட காலம் அது. ஒளிக்கு விலை இருந்தது. ஆகவே அதன் அளவும் தெரிந்திருந்தது.

திறந்தவெளி விளக்கு வழிகாட்டும் கருவியாகவும் இருந்தது. ‘மனாரா’ என்னும் அரபுச் சொல் ஒளியைக் குறிக்கும் ‘நூர்’ என்பதன் வேரிலிருந்து பிறந்தது. விளக்குத் தண்டு, கலங்கரை விளக்கம், பாங்கு மேடை ஆகிய மூன்றையும் அச்சொல் குறிக்கும். அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தைப் பயணி இப்னு ஜுபைர் 1183இல் நேரிற் கண்டு வியந்தெழுதினார். நாகூர் தர்காவின் மனாராக்களுள் மிக உயரமானதாகிய 131 அடி மனாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் (ஆட்சி 1739–1763). கடற்கரையில் நிற்கும் அம்மனாரா கந்தூரி நாட்களில் ஒளிபெறும்போது சொல்லின் பழம்பொருள் நம் கண்முன் நிற்கின்றது.

நிலவுக்கேற்ற திரி

தோட்ட விளக்கைத் திட்டமிட்ட கலையாக்கியவர்கள் முகலாயர்கள். அக்பரின் அரசவை அறிஞர் அபுல் ஃபஸ்ல் தமது ‘ஆயினே அக்பரீ’யில் விளக்குகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். அதில் காணப்படும் ஓர் ஏற்பாடு நம் சிந்தனைக்குரியது. சந்திர மாதத்தின் முதல் மூன்று இரவுகளில் எட்டுத் திரிகள் ஏற்றப்பட்டன. நான்காம் இரவு முதல் ஒவ்வொரு திரியாகக் குறைந்து, பத்தாம் இரவில் ஒரே திரி எரிந்தது. பதினைந்தாம் இரவு வரை அந்நிலை நீடித்தது. பதினாறாம் இரவு முதல் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்து, இருபத்து நான்காம் இரவில் மீண்டும் எட்டாயிற்று; மாத இறுதிவரை அவ்வாறே இருந்தது. ஒரு திரிக்கு ஒரு சேர் எண்ணெயும் அரைச் சேர் பஞ்சும் கணக்கு. கருவூலம் நிரம்பிய பேரரசன் ஒருவனின் அவையில், வானம் எவ்வளவு ஒளி தருகின்றது என்று பார்த்துவிட்டு எஞ்சியதை மட்டும் மனிதன் ஏற்றிய முறை இது.

அதே நூல் ‘ஆகாசதியா’ என்னும் விளக்கையும் வருணிக்கின்றது. 40 கஜத்துக்கு மேல் உயர்ந்த கம்பம் 16 கயிறுகளால் நிறுத்தப்பட்டு, உச்சியில் பெரிய கூண்டு விளக்கு எரியும். இருளில் வழிதவறிய வீரர்கள் பாசறையைக் கண்டடைவதற்காகவே அது நிறுத்தப்பட்டது. ஓர் உயர விளக்குக்கு இவ்வாறான நோக்கம் இருந்தது. நோக்கமற்ற உயர விளக்குகள் இன்று நம் தெருக்களில் எத்தனை என எண்ணிப்பார்க்கலாம்.

தோட்டங்களில் ‘சீனிகானா’ என்னும் மாடவரிசை அமைந்தது. அருவியாக விழும் நீர்த்திரைக்குப் பின்னால் சுவரில் சிறு மாடங்களை அடுக்கடுக்காக அமைத்தனர். பகலில் அவற்றில் பூச்சாடிகளும் இரவில் விளக்குகளும் வைக்கப்பட்டன. ஸ்ரீநகரிலும் லாகூரிலும் உள்ள ஷாலிமார் தோட்டங்களிலும், தில்லிச் செங்கோட்டையின் ஹயாத் பக்ஷ் தோட்டத்தில் நிற்கும் ஸாவன், பாதோன் மண்டபங்களிலும் இம்மாடங்களை இன்றும் காணலாம். நீர் காற்றைத் தடுத்துச் சுடரைக் காத்தது. சுடர் நீரை ஒளிரச் செய்தது. மிஷ்காத்தின் நுட்பமே இங்குத் தோட்டக்கலையாக விரிந்தது.

ஆக்ராவில் தாஜ்மஹாலுக்கு எதிர்க்கரையில் உள்ள மஹ்தாப் பாக், அதாவது நிலவுத் தோட்டம், இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. 1990களில் நடைபெற்ற அகழாய்வில் அங்கு எண்கோணக் குளம் ஒன்று வெளிப்பட்டது. நிலவொளியில் தாஜ்மஹாலின் நிழலுரு அக்குளத்தில் தோன்றுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. அங்கே தலைமை விளக்கு வானத்து நிலவேயாகும்.

அறிஞர்களின் அளவுகோல்

விளக்கைப் பற்றி மார்க்க அறிஞர்கள் கூறியவை அழகுணர்ச்சிக்கு எதிரானவை எனக் கருதுதல் பொருந்தாது. உறங்கச் செல்லும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரைத் தீக்கிரையாக்கிவிடக்கூடும் என்ற காரணமும் நபிமொழியில் இடம்பெற்றுள்ளது. இதனை விளக்கிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (கி.பி. 1233–1277), பள்ளிகளில் தொங்கும் விளக்குகளால் தீ அச்சம் இல்லையெனில் அவற்றை எரியவிடுவதில் குற்றமில்லை என்றார்கள். சட்டத்தைக் காரணத்தோடு இணைத்துப் பார்த்த நடுநிலை இது.

அதே இமாம் அவர்கள், ஷஅபான் நடு இரவு போன்ற குறிப்பிட்ட இரவுகளில் பள்ளிகளில் மிகுதியான விளக்குகளை ஏற்றிப் பொருளை விரயமாக்கும் வழக்கத்தை ‘அல்மஜ்மூஃ’ நூலில் வன்மையாகக் கண்டித்தார்கள். இந்தியாவில் வீட்டுச் சுவர்களெங்கும் விளக்கு வரிசை வைக்கும் வழக்கத்தைத் தில்லியின் ஷைகு அப்துல் ஹக் முஹத்திஸ் (ரஹ்) அவர்களும் (1551–1642) மறுத்துரைத்தார்கள். ஷாஃபிஈ வழிமுறையைப் பின்பற்றும் நம் கடற்கரை மக்களுக்கு நவவீ இமாமின் சொல் அந்நியமானதன்று. தேவைக்கு ஒளி நன்மை. பெருமைக்கு ஒளி இஸ்ராஃப், அதாவது வீண்விரயம்.

அண்டை வீட்டாரின் உரிமையும் இங்கே எழுகின்றது. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. துனிஸ் நகரில் ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமீ, கட்டடச் சட்டங்களைத் தொகுத்த நூலில் புகை, நாற்றம், இரைச்சல், அடுத்த வீட்டை நோக்கும் சாளரம் ஆகியவற்றால் வரும் வழக்குகளை ஆராய்ந்தார். மின்விளக்கை அவர் அறிந்ததில்லை. எனினும் நம் மாடி விளக்கு அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள் இரவு முழுதும் விழுமானால், கியாஸ் முறையில் அதனை அவ்வரிசையில் சேர்ப்பதற்குத் தடை ஏதுமில்லை.

பொருநைக் கரையில்

நம் பகுதியின் விளக்குக் கதை எண்ணெயில் தொடங்குகின்றது. தேங்காய், எள், இலுப்பை, புங்கை, புன்னை ஆகியவற்றின் எண்ணெய்கள் தென்னாட்டு விளக்குகளில் எரிந்தன. முத்துக்குளிக்கும் படகுகள் இரவில் நிலக்காற்றைப் பற்றிக் கிளம்பி, விடியலில் பார்களை அடைந்த நாட்களில் மாலுமிக்கு வானமே வரைபடமாக இருந்தது. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிவுற்றது. அதற்கிடையே சீமெண்ணெயும், அரிக்கேன் விளக்கும், திருமண ஊர்வலங்களைப் பகலாக்கிய பெட்ரோமாக்ஸும் வந்துபோயின. 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆத்தூர்க் கொடிக்கால்களுக்குப் பாயும் அதே பொருநை, அன்று முதல் ஒளியையும் தருவதாயிற்று. நீல ஒளி டையோடைக் கண்டறிந்தமைக்காக 2014இல் மூன்று அறிவியலாளர்கள் நோபல் பரிசு பெற்றனர். அக்கண்டுபிடிப்பால் பிறந்த எல்.இ.டி. விளக்கு ஒளியின் விலையை மிகவும் தாழ்த்திவிட்டது. விலை தாழ்ந்தபோது அளவும் மறந்துபோயிற்று.

இம்மறதியின் இழப்பு பெரிது. ஃபஜ்ரு நேரத்தை அறிவிக்கும் உண்மை வைகறை, கீழ்வானில் கிடைமட்டமாகப் பரவும் மிக மெல்லிய வெண்மையாகும். செயற்கை ஒளியில் மூழ்கிய ஊர்களில் அதன் முதல் கீற்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வக்து அட்டவணையைப் பார்த்துத் தொழும் தலைமுறை, அந்த அட்டவணை எதைக் குறிக்கின்றது என்பதைக் கண்ணால் காணாமலே வளர்கின்றது. மறுபுறம், மணலில் பொரித்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள் கடலின் இயற்கை ஒளியை நோக்கிச் செல்ல வேண்டியவை. கடற்கரை விளக்குகளால் அவை திசைமாறி நிலத்தை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. பேசாத உயிர்களுக்கும் நம்மீது உரிமையுண்டு.

அமைப்போர்க்குச் சில நெறிகள்

முன்னோரின் முறைகளிலிருந்து பெறத்தக்க நெறிகளைச் சுருங்கக் கூறலாம். தோட்டத்தில் விளக்கு முழங்கால் உயரத்துக்கு மேற்படாமல், மூடியிட்டு, ஒளி நடைபாதையில் விழுமாறு இருத்தல் வேண்டும். மரத்தின் அடியிலிருந்து வானை நோக்கிப் பாய்ச்சும் விளக்கு பெரும்பகுதியை வீணாக்குகின்றது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில், அமர்ந்தோரின் கண்மட்டத்துக்குக் கீழே சிறு மாடங்களை அமைத்து அவற்றுள் விளக்கை மறைக்கலாம். படிக்கட்டின் ஒவ்வொரு படியும் தெரிதல் இன்றியமையாதது. முதியோர் தடுக்கி விழுவது அங்கேதான்.

நிறத்தில் எண்ணெய்ச் சுடரை ஒத்த பொன்மஞ்சளைத் தேர்தல் நலம். 2700 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாகக் குறிக்கப்பட்டவை இவ்வகையின. 6500 கெல்வின் வெண்ணிற விளக்கு பூச்சிகளை மிகுதியாக ஈர்க்கும், கண்ணையும் கூசச்செய்யும். ஒளியைக் குறைக்கும் விசையும் நேரங்காட்டி விசையும் அக்பரின் திரிக்கணக்கை இன்று எளிதாக்கியுள்ளன. வளர்பிறையில் குறைத்து, தேய்பிறையில் கூட்டி, உறங்கும்முன் அணைத்துவிடலாம்.

உப்புக்காற்று இரும்பை விரைவில் அரிப்பதால், துருப்பிடிக்காத உலோகமும் நீர்புகாத கூடும் நம் கடற்கரைக்குக் கட்டாயம். 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளத்தில் தரைமட்ட விளக்குகள் மூழ்கும்போது மின்கசிவு உயிரையே பறிக்கும். ஆகவே கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் காப்பு விசையும், முறையான நிலத்தொடர்பும், முடிந்த இடத்தில் 12 வோல்ட் குறைமின்னழுத்த இணைப்பும் அமைத்தல் அவசியம். திரியை இழுத்த எலியின் இடத்தில் இன்று நீர் நிற்கின்றது. அன்று சொல்லப்பட்ட எச்சரிக்கையின் காரணம் மாறவில்லை.

விளக்கு என்பது இருளோடு செய்துகொள்ளும் உடன்பாடாகும். இரவை ஓய்வுக்கெனப் படைத்த இறைவன் நிலவையும் விண்மீன்களையும் அதில் வைத்துள்ளான். அவற்றை மறைக்காமல், அண்டை வீட்டாரை வருத்தாமல், கால் வைக்கும் இடம் தெரியும் அளவுக்கு ஒளியேற்றுவோர் முன்னோரின் நுட்பத்தையும் பேணியவராவர். மாடிக்கு ஏறிப் பிறை தேடும் தம் பிள்ளைகளுக்கு வானத்தையும் மிச்சம் வைத்தவராவர்.