இழுப்புக்கு வீதியும் ஒரு காரணம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆஸ்துமாவை "இழுப்பு" என்பார்கள். ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டால் காரணத்தை வீட்டுக்குள்தான் தேடுவோம். "அவங்க தாத்தாவுக்கும் இருந்தது", "ராத்திரி தயிர் சாப்பிட்டான்", "பனியில நின்னான்"... இப்படி ஒரு பட்டியல். வாசலில் ஓடும் வண்டிகளை யாரும் அதில் சேர்த்ததில்லை. வங்கி மாற்றலில் மைசூர் ராமாபுரத்துக்குக் குடிவந்த எனக்கு, ஆஸ்துமா உள்ள ஒரு மகள் இருப்பதால், இந்த விடுபட்ட வரவு செலவு எப்போது எழுதப்பட்டது என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

அதற்கு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் பெங்களூரிலேயே குழந்தைகள் நுரையீரல் மருத்துவர் டாக்டர் எச். பரமேஷ் 20 வருடக் கணக்கு வைத்திருந்தார். மருத்துவமனைக்கு வந்த 18 வயதுக்குட்பட்ட 20,000 பேரைப் பார்த்ததில், ஆஸ்துமா உள்ளவர்கள் 1979-ல் 9 சதவீதம், 1989-ல் 18.5, 1999-ல் 29.5!

மருத்துவமனைக்கு வருகிறவர்களை வைத்து ஊரையே எடை போட முடியாது அல்லவா? அவர் பள்ளிகளுக்கும் போனார். 12 பள்ளிகள், 6 முதல் 15 வயது வரை 6,550 பிள்ளைகள். வண்டி நடமாட்டம் குறைந்த பகுதிப் பள்ளிகளில் 11.15 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா. நெரிசலான பகுதியில் 19.34. நெரிசலோடு ஏழ்மையும் சேர்ந்த இடத்தில் 31.14. ஏழ்மை என்றால் நெருக்கமான வீடு, அடுப்புப்புகை எல்லாம் கூடவே வரும், உண்மைதான். ஆனாலும் ஒரே ஊரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசத்தைத் தாத்தா மேல் மட்டும் போட முடியாது.

வீதிக்காற்று உடனடியாக என்ன செய்கிறது என்பதை லண்டனில் சோதித்தார்கள். ஆஸ்துமா உள்ள 60 பெரியவர்களை ஒரு நாள் ஆக்ஸ்போர்டு தெருவிலும் இன்னொரு நாள் ஹைட் பூங்காவிலும் 2 மணி நேரம் நடக்க விட்டார்கள். அப்போது அந்தத் தெருவில் ஓடியவை டீசல் பேருந்துகளும் டாக்சிகளும்தான். அங்கே நடந்த நாளில் மூச்சை ஊதி வெளியேற்றும் திறன் 6 சதவீதம் வரை குறைந்தது, மூச்சுக்குழாயில் அழற்சியும் கூடியது. 2007-ல் வெளியான ஆய்வு இது. டீசல் கரி அவ்வளவு நுண்ணியது, நுரையீரலின் ஆழம் வரை போய்விடும்.

அதே லண்டனில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். அவள் வீடு, போக்குவரத்து மிகுந்த சவுத் சர்க்குலர் சாலையை ஒட்டி இருந்தது. 2014-ல் நடந்த மரண விசாரணையில் சாலையைப் பற்றிப் பேச்சே இல்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. பழைய தீர்ப்பு ரத்தாகி, 2020 டிசம்பரில் இரண்டாவது விசாரணை, காற்று மாசையும் மரண காரணங்களில் ஒன்றாக எழுதியது. அந்தத் தாய்க்கு மாசைப் பற்றி யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருக்க முடியும் என்றும் விசாரணை அதிகாரி குறிப்பிட்டார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நம் நாட்டிலும் அசைவு இல்லாமல் இல்லை. 1998-ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டு, 2002 இறுதிக்குள் டெல்லியின் பேருந்துகள் டீசலிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறின. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. டீசலில் கந்தகம் கிலோவுக்கு 50 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் குறைந்தது. ஆனால் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, புது வண்டிகளும் கூடிக்கொண்டே போகின்றன.

ஊர்விட்டு ஊர் மாறும் நம்மைப் போன்ற குடும்பங்கள் வாடகை, தண்ணீர், பள்ளி எல்லாம் விசாரிக்கிறோம். "மெயின் ரோடு மேலேயே வீடு சார்" என்று தரகர் பெருமையாகச் சொல்வார். வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் இரண்டு தெரு உள்ளே கேளுங்கள். சாலையை விட்டு விலக விலகப் புகை குறையும். பீக் ஹவரில் சாலையோர ஜன்னலைச் சாத்துங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு உள்தெரு வழியாகக் கூட்டிப் போங்கள். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை, நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வீடு எந்தச் சாலையில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.