சிறைக்கோட்டமும் உயிர்க்காவலும்

சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானொடு பொருது தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்தான். நீர்வேட்கை மிக்குத் தண்ணீர் வேண்டினான். காவலர் உடனே கொடுத்திலர், காலந்தாழ்த்தே கொணர்ந்தனர். அந்நீரைக் கையில் ஏந்தியும் பருகாது, பாட்டொன்று பாடி உயிர் துறந்தான் என்பது புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்பால் அறியப்படும். மானத்தின் சிறப்புக்குச் சான்றாகவே புலவருலகம் இதனைப் போற்றி வந்துள்ளது. சிறை வரலாற்றை ஆராய்வார்க்கோ இது பிறிதொன்றையும் உணர்த்தும். அவன் உயிரைப் போக்கியது சிறை மதிலன்று, காவலரின் புறக்கணிப்பு. சிறைப்பட்டவன் உயிர் சிறைகாப்போன் பொறுப்பாகும் என்பதே அது.

ஆங்கிலேயர் கொழும்பில் வெலிக்கடைச் சிறையை 1841இல் அமைத்தனர். அக்காலத்து மேனாட்டறிஞர் பலர் தனிச்சிறை முறையைப் பெரிதும் நம்பினர். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் 1829இலும், இலண்டனில் பென்ரன்வில்லில் 1842இலும் திறக்கப்பட்ட சிறைகள் இந்நம்பிக்கையில் எழுந்தவையே. தனியே இருந்து தன் குற்றத்தை எண்ணுபவன் திருந்துவான் என்றனர். ஆயின், தனிமை பலர்க்கு மனநோயையே தந்தது. பிலடெல்பியாச் சிறையை 1842இற் கண்ட சாள்ஸ் டிக்கன்ஸ், உடலை வருத்தும் வதையினும் மனத்தை நாள்தோறும் சிதைக்கும் இவ்வதை கொடிது எனக் கண்டித்தார். 1906இல் நிறைவெய்திய அந்தமான் தனியறைச் சிறையும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். ஆங்கு 1912இல் இந்துபூஷண் ராய் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். உல்லாஸ்கர் தத்தர் மனம் பேதலித்தார்.

சட்டமும் இத்துயரைத் தணித்திலது. இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி 1883இல் எழுந்த இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 302ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவனுக்கு ஓராண்டு வரை வெறுஞ்சிறை விதிக்க இடமளித்தது. வாழ்வை வெறுத்தவன் கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள புதுக்கடை நீதிமன்றிற் குற்றவாளியாய் நிற்க நேர்ந்தது. நம்பிக்கை இழந்தவனை நம்பிக்கை குன்றும் இடத்துக்கே அனுப்புதல் எவ்வகை நீதி? இவ்விதி 1998இல் நீக்கப்பட்டது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இத்தண்டனையின் வலியைக் குறைத்தது.

சிறைக்குள்ளோ வினா இன்னும் கடினமானது. தன்னை வருத்திக்கொள்ளும் கைதியைப் பாசாங்கு செய்பவன் என்றோ, ஒழுங்கை மீறுபவன் என்றோ கருதித் தனியறையில் அடைத்தல் பழைய வழக்கம். சிறையதிகாரி பக்கத்தும் நியாயம் உண்டு. காவலர் சிலர், கைதிகளோ பலர். வெற்றறையிற் கேடு விளைக்கும் பொருள் இல்லை. ஆயின், ஆறுதல் கூறும் மனிதனும் அங்கு இல்லை. உடலைக் காக்க எடுத்த வழி உள்ளத்தை மேலும் நலியச் செய்கின்றது. சிறை புகுந்த முதல் நாட்களும், தீர்ப்பை எதிர்நோக்கும் விளக்கமறியற் காலமும் பேரிடர் மிக்கவை என்பது இன்று தெளிவாகியுள்ளது. அக்காலத்து வேண்டுவது தண்டனையன்று. மருத்துவர் பார்வையும், உடனுறைவார் துணையும், உறவினர் வருகையுமேயாம்.

1955இல் செனீவா மாநாடு வகுத்த சிறை விதிகளை ஐக்கிய நாடுகள் 2015இல் திருத்தி, நெல்சன் மண்டேலா பெயரால் வெளியிட்டது. சிறைபுகுவோரிடம் தற்கொலை எண்ணம் உண்டோ என மருத்துவர் ஆராய்தல் வேண்டும். மனநோயின் நேர்விளைவான செயலுக்குத் தண்டனை கூடாது. தனிச்சிறை தொடர்ந்து 15 நாட்களை விஞ்சலாகாது என்பன அவற்றுட் சில. விதி எழுதுதல் எளிது. இடநெருக்கடி மிக்க சிறைகளில் அதனை நடைமுறைப்படுத்தல் அரிது. 1983 யூலை 25, 27ஆம் நாட்களில் வெலிக்கடையில் தமிழ்க் கைதிகள் 53 பேர் கொல்லப்பட்டனர். காவலில் வைத்த உயிரைக் காவாத அரசின் பழியை அந்நிகழ்ச்சி என்றும் நினைவூட்டும். பிறர் கையால் நேரும் சாவாயினும், தன் கையால் நேரும் சாவாயினும் அப்பொறுப்பு ஒன்றே.

மணிமேகலை வேண்ட, சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான் எனச் சாத்தனார் பாடினார். சிறைகள் யாவும் அறக்கோட்டமாதல் இன்று இயலாதாகலாம். ஆயின், கேட்டபோதே தண்ணீர் கொடுக்கும் காவலன் ஒருவன் இருப்பின், குடவாயிற் கோட்டத்துத் துயர் மீண்டும் நிகழாதொழியும்.