தோட்டத்து வாயிலும் பத்திரிகையும்

அப்புத்தளை முதலான தோட்டங்களின் பாதைகளும் துரைமாரின் உடைமையாயிருந்த நாளில், பத்திரிகையை அச்சிடுவதினும் அதனைத் தொழிலாளர் கையில் சேர்ப்பதே அரிதாயிற்று. கோ. நடேசய்யர் புடைவை வணிகர் வேடம் பூண்டே மலையகத் தோட்டங்களுள் நுழைந்து அங்குள்ள நிலையைக் கண்டறிந்தார். 1924இல் அவர் தொடங்கிய ‘தேசபக்தன்’ துரைமாரின் கொடுமையோடு கங்காணிமுறையின் சுரண்டலையும் கண்டித்தது. தொழிலாளருள் எழுத்தறியாதோர் பலராதலின், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் அவர்கள் படும் துயரைப் பாட்டாக்கிப் பாடினார். தோட்டக் காவற்காரன் பாட்டினைப் பறித்தெடுத்தல் எங்ஙனம்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவலறியும் உரிமையைக் குடிமக்கள் யாவர்க்கும் வழங்கிற்று. எனினும் செய்தி வந்துசேரும் வழி ஊவாவில் இன்னும் செப்பமுறவில்லை. பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021இல், லுணுகலைப் பகுதி மாணவர் இணையத்தொடர்பு வேண்டி மலையுச்சியிலுள்ள மரவீடொன்றில் ஏறியமர்ந்தே பாடங்களைப் பெற்றனர்.