கர்லாக்கட்டை யாருடைய பொருள்? உடற்பயிற்சிக் கருவித் தொழிலின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வரும் வழியில் கர்நாடக எல்லையில் இருக்கிறது அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்து ஊர். தேசிய நெடுஞ்சாலை 44 இதன் வழியே போகிறது. ஊரில் கேஐஏடிபி தொழிற்பேட்டை. எல்லை தாண்டினால் ஓசூர் சிப்காட். இரும்பை அறுத்து, வளைத்து, பற்றவைக்கும் தொழில்கள் ஊன்றிய வட்டாரம். ஜிம்முக்கு பெஞ்சும் ரேக்கும் மல்டி ஜிம்மும் செய்யும் நிறுவனத்துக்கு வேண்டிய கைத்திறனும் இதுவே. அப்படியொரு நிறுவனம் பொருளைச் செய்வதும், ஊர் ஊராக அனுப்புவதும், அது தன்னுடையது என்று காத்துக்கொள்வதும் எப்படி உருவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்றில் சிக்கலானது கடைசிதான்.

நம் ஊர்களில் இளைஞர்கள் தூக்கிப் பலம் பார்க்கும் இளவட்டக்கல் பொதுச்சொத்து. கையில் பிடித்துச் சுற்றிப் பயிலும் கர்லாக்கட்டையை ஆசான் சொன்ன அளவுக்குத் தச்சர் கடைந்து கொடுப்பார். இரண்டும் கம்பெனிச் சரக்காக இருந்தவை அல்ல. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர் கர்லா சுற்றுவதைக் கண்டு, தம் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1834இல் லண்டனில் டொனால்டு வாக்கர் தம் உடற்பயிற்சி நூலில் அதைச் சேர்த்தார். நியூயார்க்கின் சைமன் கெஹோ கட்டைகளைத் தயாரித்து விற்றதோடு நிற்காமல், 1866இல் அவற்றைச் சுற்றும் முறைக்கு ஒரு நூலும் வெளியிட்டார். கருவியோடு பயிற்சி முறையையும் சேர்த்து விற்கும் உத்தி அப்போதே தொடங்கிவிட்டது. 1904, 1932 ஒலிம்பிக்கில் கர்லா சுற்றுவது போட்டியாகவே நடந்தது. 'இந்தியன் கிளப்' என்ற அதன் ஆங்கிலப் பெயரில் நாடு மட்டும் நின்றது. கற்றுக்கொடுத்த ஆசான்களின் பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை. இதை ஒரு பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறானது யூஜின் சாண்டோவின் கதை. அவர் 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். இரண்டாகப் பிளந்து, நடுவே சுருள்வில் வைத்த டம்பெல்லைத் தம் பெயரிலேயே விற்றவர். அந்தப் பெயர் தமிழில் எவ்வளவு ஊறியது என்பதற்கு நாம் அணியும் சாண்டோ பனியன் சாட்சி. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் இன்னொரு சாட்சி. இந்தியாவில் வணிகச்சின்னச் சட்டம் வந்ததே 1940இல். சட்டத்துக்கு முன்பே ஒரு பெயர் செய்யக்கூடிய வேலையை சாண்டோ என்ற பெயர் செய்து முடித்திருந்தது.

பயிற்சி முறையையே விற்கலாம் என்பதைப் பெங்களூரிலேயே நன்கு உணர்ந்தவர் கே.வி. ஐயர். ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்தி, 1930இல் 'மசில் கல்ட்' நூலை வெளியிட்டார். அஞ்சல் வழியிலும் பயிற்சி தந்தார். கருவியைச் சுமக்க லாரி வேண்டும். பாடத்தைச் சுமக்கத் தபால்தலை போதும்.

இன்றைய தயாரிப்புக்கு வருவோம். சதுர எஃகுக் குழாயை அளவாக அறுத்து, ஜிக் என்னும் பிடிச்சட்டத்தில் பூட்டி வெல்டிங் செய்கிறார்கள். ஜிக் பிசகினால் துளைகள் நேர்கோட்டில் நில்லா. பின் செருகும் எடைத்தட்டுகள் வழித்தண்டில் உரசும். பிறகு எண்ணெய்ப்பிசுக்கு நீக்கி, பாஸ்பேட் தொட்டியில் முக்கி, பவுடர் தூவி, சுமார் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். முன்சுத்தம் சரியில்லையென்றால், வியர்வை உப்பு பட்டு, பூச்சுக்கு அடியிலேயே துரு பிடிக்கும். கப்பி, கம்பிவடம், ரெக்சின் மெத்தை எல்லாம் அதற்குப் பிறகு.

விநியோகத்தில் எடைதான் எதிரி. எல்லையூர்களில் சோதனைச்சாவடி வரிசையில் லாரிகள் நின்ற காலம் உண்டு. அந்த வரிசைக்கு முடிவு கட்ட வந்தது 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்ட இ-வே பில். ஆனால் அதே ஜிஎஸ்டி உடற்பயிற்சிக் கருவிக்குத் தொடக்கத்தில் 28 விழுக்காடு வரி போட்டது. 2017 நவம்பரில்தான் 18 ஆகக் குறைத்தார்கள். உடலைப் பேணும் கருவியை ஆடம்பரப் பொருளோடு ஒரே தட்டில் வைத்தது தவறு.

இனிப் பாதுகாப்பு. 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்புரிமை 20 ஆண்டு நிற்கும். புதுமை இல்லாததற்குக் கிடைக்காது. டம்பெல்லின் பொது வடிவத்துக்கு இன்று யாரும் உரிமை கேட்க முடியாது. தோற்றம் புதிதானால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காக்கும். வணிகச்சின்னத்தையோ பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து எத்தனை காலமும் வைத்திருக்கலாம். ஒத்த குழாயில், ஒத்த பூச்சில் பக்கத்துப் பட்டறையும் செய்துவிடக்கூடிய பொருளுக்குப் பெயரும், தடையின்றிக் கிடைக்கும் உதிரிபாகமும், கூப்பிட்டால் வந்து நிற்கும் மெக்கானிக்குமே உறுதியான காவல் என்பது என் முடிவு.

கர்லாக்கட்டைக்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவு, மரபறிவை எவரும் தன் கண்டுபிடிப்பாக்கிக் கொள்ளத் தடை விதிக்கிறது. 25ஆம் பிரிவு, உள்ளூர்ச் சமூகத்தில் வாய்மொழியாக வழங்கும் அறிவைக் காட்டியும் ஒரு விண்ணப்பத்தை எதிர்க்க இடம் தருகிறது. எதிர்க்கச் சான்று வேண்டும். எனவே சிலம்பக் கூடங்களிலும் கர்லாக் கூடங்களிலும் இன்று பயிற்சி தரும் ஆசான்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் கட்டைகளின் நீளம், எடை, மரம், சுற்றும் முறை, அவற்றின் பெயர்கள் ஆகியவற்றைத் தேதியிட்டுத் தமிழில் எழுதி அச்சிட்டு வையுங்கள்.