கரண்டி யார் கையில்? கொங்குச் சோற்றின் கதை

வீட்டுச் சாப்பாட்டில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கோவைக்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "அரிசியும்பருப்பு" என்று சொல்ல அவர் அதிகம் யோசிக்க மாட்டார். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒரே பாத்திரத்தில் குழைய வேகவைத்து, சுடச்சுட நெய் விட்டுச் சாப்பிடுவது. அதற்குப் பிறகு சந்தகை, ஒப்புட்டு, கச்சாயம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம் என்று பட்டியல் நீளும். இதற்கென்றே யூடியூப் சேனல்கள் இருக்கின்றன. 'கொங்கு விருந்து' என்று போர்டு மாட்டிய உணவகங்கள் இருக்கின்றன. நமக்கும் இந்தச் சாப்பாடு பிடிக்கும். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே, இந்தப் பட்டியலை எந்த வீட்டு அடுப்பைப் பார்த்து எழுதினார்கள்? அந்தச் சோறு யார் கையிலிருந்து யார் தட்டுக்குப் போனது? சமையல் குறிப்பில் இதெல்லாம் இருக்காது. வரலாற்றில்தான் தேட வேண்டும்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். கொங்கு நாடு பெரும்பாலும் மேட்டுக்காடு. நொய்யல், பவானி, அமராவதிக் கரைகளிலும் காளிங்கராயன் வாய்க்கால் ஓரத்திலும் நெல் விளைந்தது. பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்ததே 1950களில்தான். மற்ற இடங்களில் கம்பு, சோளம், ராகி, கொள்ளு. நிலமில்லாத குடும்பங்களுக்கு அரிசிச் சோறு நோம்பி நாளில் கிடைத்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, களி, சோளச்சோறு. தொட்டுக்கொள்ளக் காட்டில் பறித்த கீரையைக் கடைந்ததோ கொள்ளுச் சாறோ இருக்கும். எங்கள் பாட்டிகள் அரிசியும்பருப்பைத் தங்கள் சமையலாகப் பேசியதில்லை. அது அவர்களுக்குப் பண்ணாடி வீட்டுச் சமையல். 2008இல் ரேஷனில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்து, 2011 ஜூனிலிருந்து இலவசமாகவும் கிடைத்த பிறகுதான் நம் வளவுகளில் அரிசி அன்றாடச் சோறாக நிலைத்தது. இன்று மருத்துவர்கள் சொல்லி, நம்மை அன்று பட்டிக்காடு என்று சிரித்தவர்கள் கம்பும் ராகியும் கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது தனிக் கதை.

மேட்டுக்காட்டில் தண்ணீர் கிணற்றில்தான் இருந்தது. மின்சார மோட்டார் வருவதற்கு முன் அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் ஆன தும்பி தொங்கும். அதன் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் விழும். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தது யார்? மாதாரி என்று ஊர் அழைத்த அருந்ததியர். செத்த மாட்டைத் தூக்கிப் போய் உரித்து, தோலை ஊறவைத்துப் பதப்படுத்தி, தும்பி தைத்தார்கள், செருப்புத் தைத்தார்கள், வடம் முறுக்கினார்கள். அவர்கள் தைத்த தோலுக்குள் புகுந்து வந்த தண்ணீரில்தான் பயிர் விளைந்தது. ஆனால் அதே கிணற்றில் இறங்கி ஒரு குடம் மொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை. தாகமெடுத்தால் யாராவது மேலேயிருந்து ஊற்ற, கையைக் குவித்து ஏந்திக் குடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம். விதைத்தது நம் கை, களையெடுத்தது நம் கை, கதிரறுத்துக் களத்தில் தூற்றி மூட்டை கட்டி வீட்டுக்குள் இறக்கியதும் நம் கைதான். அதுவரை எந்தத் தானியத்துக்கும் தீட்டுப் பிடித்ததில்லை. தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றிய பிறகுதான் தீட்டு வருகிறது. பச்சைத் தானியத்தைத் தொட்டால் அது உழைப்பு. வெந்த சோற்றைத் தொட்டால் அது உறவு. உழைப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள் உறவை வேண்டாம் என்றார்கள். தீட்டு என்பது சுத்தம் பற்றிய பயம் என்று யாராவது உங்களிடம் விளக்கினால், இந்தத் தும்பித் தோலைப் பற்றிக் கேளுங்கள்.

வெந்த சோறு இரண்டு சாதிகளுக்கு நடுவே போகவே இல்லை என்று சொல்ல முடியாது. தாராளமாகப் போனது, மேலிருந்து கீழாக மட்டும். பண்ணையத்துக்கு இருந்தவர்களுக்கு விளைச்சலில் கூலி வள்ளத்தால் அளந்து வந்தது. அன்றாடம் வாசலுக்கு வெளியே நின்றால் பழைய சோறு கிடைத்தது. "சாமீ, சோறு போடுங்க சாமீ" என்று பொழுது இறங்கும் நேரத்தில் சட்டியோடு நின்ற பெண்களின் பேத்திகள்தான் இதைப் படிக்கும் உங்களில் பலர். போடுகிறவர் கை நம் சட்டியில் பட்டுவிடாதபடி உயரத்திலிருந்து கொட்டுவார். மிச்சம் எல்லாம் ஒன்றாக விழும். இனிப்பும் புளிப்பும் கலந்த அந்தச் சோற்றை வீட்டில் பிரித்துச் சாப்பிட்ட விதத்தை ஒரு பாட்டி எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை. பண்ணையத்தில் ஆடு மேய்த்த அருந்ததியச் சிறுவர்களின் வாழ்க்கையைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' நாவலில் எழுதியிருக்கிறார். சோறு எவ்வளவு பெரிய விலங்கு என்று தெரிய, படிக்காதவர்கள் படியுங்கள்.

சோறு போகும் இந்தத் திசையைச் சத்துணவுதான் திருப்பிப் போட்டது. நீதிக்கட்சி காலத்தில், 1920இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் அதை மாநிலத் திட்டமாகத் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது அது ஒரு பெரிய அமைப்பாக மாறியது. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. இல்லாதது ஒன்று: இந்த வேலைகளுக்கு நம் பெண்களும் வந்தார்கள். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் பள்ளிகளில் சமைத்த உணவே தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2004 ஏப்ரலில், சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. வாசலுக்கு வெளியே சட்டி ஏந்தி நின்றவரின் மகள் கையில் கரண்டி. பண்ணாடி வீட்டுப் பேரன் கையில் தட்டு. ஊருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

எப்படி இருந்தது என்பதை 2018 ஜூலையில் பார்த்தோம். திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு, அதே ஊரைச் சேர்ந்த பாப்பாள் என்ற அருந்ததியப் பெண் சமையலராக மாற்றலாகி வந்தார். சத்துணவில் புதியவர் அல்ல, பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டுப் பூட்டினார்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் என்ன செய்தார் தெரியுமா? பூட்டியவர்கள் மீது புகார் கொடுக்கவில்லை. பாப்பாளை வேறு ஊருக்கு மாற்றினார். தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் பிற இயக்கங்களும் தெருவில் இறங்கிய பிறகு அந்த மாற்றல் ரத்தானது. சேவூர் காவல் நிலையத்தில் 87 பேர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

பாப்பாள் ஓர் ஊரின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த சில நாட்களிலேயே, கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பெற்றோர் சிலர் மறுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே பள்ளிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

எங்களை அதிகம் உறுத்துவது இன்னொன்று. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே சாப்பாடு என்றபோது, 1924-25இல் அதை எதிர்த்துக் காங்கிரசையே உலுக்கியவர்கள் இருவரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். ஒருவர் ஈரோட்டுப் பெரியார், மற்றவர் சேலத்தில் வாழ்ந்த வரதராஜுலு நாயுடு. பிள்ளைகள் தனித்தனியே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பதற்காக அவ்வளவு பெரிய சண்டை. அந்தச் சண்டையின் பலனாகப் படிப்பும் பதவியும் பெற்று மேலே வந்த சாதிகள்தான் ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் அதே கொங்கில் பள்ளிக்குப் பூட்டுப் போட்டன. சேரன்மாதேவியைப் பற்றிப் பெருமை பேசும் மேடைகளில் திருமலைக்கவுண்டம்பாளையத்தைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள்.

சமபந்தியால் இதைத் தீர்த்துவிடலாமா? சகோதரன் அய்யப்பன் 1917இல் கேரளத்துச் செறாயில் புலையர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்காக 'புலையன் அய்யப்பன்' என்று ஏசப்பட்டார். அன்று அது புரட்சி. நம் கோயில்களில் சுதந்திர தினத்தன்று நடக்கும் சமபந்தியில் அமைச்சரும் ஆட்சியரும் வரிசையில் உட்காருகிறார்கள். யார் பக்கத்தில் யார் என்று புகைப்படம் எடுக்கிறார்கள். அடுப்படியில் யார் என்று எந்தப் புகைப்படக்காரரும் எட்டிப் பார்ப்பதில்லை. சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி சாகாது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். அதற்காகச் சேர்ந்து சாப்பிடுவதை விட்டுவிட முடியாது. ஆனால் உட்காரும் வரிசையைப் போலவே சமைக்கும் கையையும் கேட்டாக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பாப்பாள் வழக்குக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. 35 பேர் மீது குற்றப்பத்திரிகை போனது. நடுவில் நான்கு பேர் இறந்துபோனார்கள். 2025 நவம்பரில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது, 25 பேரை விடுவித்தது. ஏழு ஆண்டுகளும் அந்தப் பெண் பின்வாங்கவில்லை. சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த வழக்கை முழுதாகப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கறிக்கு வருவோம். கொங்கு விருந்து என்றால் வெள்ளாட்டுக் கறி, நாட்டுக்கோழி. நம் வீடுகளில் மாட்டுக்கறி, குடல், கொடியில் காயும் உப்புக்கண்டம். இவை எந்த விருந்துப் பட்டியலிலும் கிடையாது. 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவிலேயே மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரில்! ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் சொல்லி விழாவைத் தள்ளிவைத்தார்கள். 2025 ஜனவரியில் நம் கோவை உடையாம்பாளையத்தில் தள்ளுவண்டியில் மாட்டிறைச்சி பிரியாணி விற்ற கணவன் மனைவியை ஓர் அரசியல் கட்சிக்காரர் மிரட்டிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைசியில் போலீஸ் வழக்குப் போட்டது. அந்த மாதிரி வண்டிகளில் வீட்டுச் சமையல்தான் விற்பனைக்கு வருகிறது. வெங்காயமும் மசாலாவும் எந்த அளவு என்பது அம்மாவிடம் கற்றது.

நம்மில் பலர் பள்ளியில் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துச் சாப்பிட்டவர்கள். "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று பக்கத்தில் கேட்டால் "பருப்பு" என்று பொய் சொன்னவர்கள். அது யார் தப்பு என்று இப்போது தெரியும். அன்று தெரியவில்லை.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். பறையர் வீட்டிலும் பள்ளர் வீட்டிலும் அருந்ததியர் சமைத்ததைச் சாப்பிடாத வழக்கம் இந்தப் பகுதியில் இருந்தது. முற்றாகப் போய்விட்டது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? அருந்ததியர் வீடுகளிலும் அடுப்பு முழுக்கப் பெண்கள் தலையில்தான். இயக்கத் தோழர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தே கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாமல் போன அக்காக்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருமுறை, அவரவர் வீட்டில் பிடித்த சாப்பாட்டைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை, தரையில் விரித்த பாய், நடுவில் பாத்திரங்கள். அரிசியும்பருப்பு வந்தது, புளிசோறு வந்தது, ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. ஒரு தங்கை தன் தூக்குப்போசியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள். கேட்டதற்கு, "எங்கூட்டு உப்புக்கண்ட வறுவல்ங்க, எல்லாருக்கும் ஆகுமோ என்னமோ" என்றாள். எடுத்து நடுவில் வைத்தோம். பெரும்பாலானவர்கள் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்கள். மூன்று பேர் தொடவில்லை. ஒருவர் சைவம். ஒருவர் வயிறு சரியில்லை என்றார். மேடையில் எங்களைவிட நன்றாகப் பேசக்கூடிய மூன்றாமவர் எதுவும் சொல்லவில்லை.

அவரிடம் காரணம் கேட்டிருக்க வேண்டுமா, கூடாதா என்று எங்களுக்குள் இன்றுவரை வாக்குவாதம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தத் தங்கை எலுமிச்சைச் சோறு கொண்டுவந்தாள்.