குடிமகனின் கத்தி



தமிழ் ஊர்களில் நாவிதருக்குக் 'குடிமகன்' என்று ஒரு பெயர் உண்டு. அறுவடைக் களத்தில் ஊர்த் தொழிலாளருக்கு அளந்த தானியப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமையோடு சொல்லும் இந்த இரண்டு சொற்களும் ஒரு காலத்தில் ஊருக்குக் கட்டுப்பட்ட மனிதரையும் அவருடைய கூலியையும் குறித்தவை. நினைவுப் பேருரையில் ஒரு சவரக்கத்தியை எடுத்துப் பேச இது ஒன்றே போதும் என்று கருதுகிறோம்.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு குடும்பத்தின் பழைய அடைப்பத்தில், அதாவது நாவிதரின் கருவிப் பையில், கிடந்த மடக்குக் கத்தி ஒன்றைக் கையாலேயே துலக்கியெடுத்தோம். முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவை இளக்கினோம். பிறகு எண்ணெய் தொட்டு மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். இயந்திரச் சாணையில் வைக்கவில்லை. மெல்லிய அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் உருக்கின் கடினம் போய்விடும். அதன்பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

தீட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கத்தியின் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும். தீட்டும் கோணத்தை முடிவு செய்வது கை அல்ல, முதுகின் தடிமன்தான். கல்லில் விளிம்பு முன்னே போக வேண்டும். தோல் வாரில் முதுகு முன்னே போக வேண்டும். மாற்றிச் செய்தால் வார் அறுபடும், கூரும் மழுங்கும். பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட மனிதர்கள் இந்த வடிவியலைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் அதை யாரும் அறிவு என்று எழுதி வைக்கவில்லை.

அலகின் கழுத்தில் ஷெஃபீல்டு என்ற முத்திரை தெரிந்தது. சீமைச் சரக்கு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. தென்னிந்திய உருக்கை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். மைக்கேல் ஃபாரடேயும் லண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதை ஆராய்ந்து, உருக்குக் கலவைகள் பற்றிய சோதனைகளை 1820-இல் வெளியிட்டார்கள். சென்னை மாகாணத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். அவர் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் உருக்குத் தொழில் அதனால் பெரும் பயன் அடைந்தது. இங்கே உருக்கை வார்த்தவர்களின் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. ஷெஃபீல்டு பெயர் பொறித்த கத்தி மட்டும் திரும்பி வந்து நம் ஊர் அடைப்பத்தில் சேர்ந்தது.

ஆவடி வட்டாரம் பழைய செங்கல்பட்டு ஜாகீரைச் சேர்ந்தது. அந்த ஜாகீரின் ஊர்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அளந்து பதிவு செய்தார். ஊர் விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கும் அதில் உண்டு. சிலர் இதை ஊர் ஒற்றுமையின் சான்றாகக் காட்டுகிறார்கள். நாம் கேட்பது வேறு: அந்தப் பங்கை வேண்டாம் என்று சொல்லி, இந்த வேலையை விட்டு விலக நாவிதருக்கு உரிமை இருந்ததா?

அவர் முடி மட்டும் மழிக்கவில்லை. கட்டியைக் கீறினார், புண்ணுக்கு மருந்திட்டார். அந்த வீட்டுப் பெண்கள் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். 'மருத்துவர்', 'பண்டிதர்', 'பரியாரி' என்ற பெயர்களெல்லாம் அதிலிருந்து வந்தவை. 1914-இல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்து, ஆங்கில மருத்துவம் படித்தவர்களுக்குப் பதிவேடு திறந்தது. மருத்துவச்சியின் அனுபவத்துக்கு அதில் இடமில்லை. சுயமரியாதை இயக்கத்தில் நின்ற சித்த மருத்துவர் பண்டிதர் எஸ்.எஸ். ஆனந்தம், இந்தச் சமூகத்தின் மதிப்பையும் சித்த மருத்துவத்தின் உரிமையையும் ஒன்றாக வைத்துப் பேசினார். ஆனாலும் சாதி, வைத்தியத்தைப் பறித்துக்கொண்டு மயிரை மட்டும் அந்தக் கையில் விட்டது.

இதே கத்தி நமக்கு எதிராகவும் நின்றது. சேரி மக்களுக்கு முடிவெட்ட மறுத்த கடைகளை நம் பெற்றோர் அறிவார்கள். அப்படிப்பட்ட செய்திகள் இன்னும் வருகின்றன. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது; சேவை மறுப்பது குற்றம் ஆயிற்று. ஆனால் பல ஊர்களில் மறுப்பு நாவிதரின் சொந்த விருப்பம் மட்டும் அல்ல. "அவனுக்கு வெட்டிய கத்தி எங்கள் மேல் படக் கூடாது" என்ற ஆதிக்கச் சாதியின் மிரட்டல் அதன் பின்னால் இருந்தது. மிரட்டலைக் காட்டி மறுப்பை மன்னிக்க வேண்டியதில்லை. மறுப்பை மட்டும் கண்டித்து, மிரட்டியவரைத் தப்பவிடவும் கூடாது.

மறுப்பு விடுதலையின் பக்கம் நின்ற வரலாறும் உண்டு. பூலேவின் சத்தியசோதக் மரபில் வந்த நாராயண் மேகாஜி லோகண்டே 1890-இல் பம்பாயில் நாவிதர்களைத் திரட்டினார். கைம்பெண்களின் தலையை மழிக்க மாட்டோம் என்று அவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். குலத்தொழில் செய்யும் கைக்கு அதைச் செய்ய மறுக்கும் வலிமையும் உண்டு என்று அன்று காட்டினார்கள்.

1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டபின், சலூன்களில் ஆளுக்கொரு பிளேடு என்ற வழக்கம் பரவியது. பழைய கத்திகள் அடைப்பத்துக்குள் போயின. அது நல்ல மாற்றம். பழைய கத்தியை மறுபடி முகத்தில் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கத்திகள் இப்போது பழம்பொருள் ஆர்வலர்களின் கைக்குப் போகின்றன. ஷெஃபீல்டு பெயருக்கு விலை கிடைக்கிறது. அதைப் பிடித்த கையின் பெயரை யாரும் கேட்பதில்லை.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். உங்கள் ஊரில் இப்படி ஒரு கருவி கிடைத்தால் விலை பேசுவதற்கு முன் அந்த வீட்டாரிடம் உட்காருங்கள். கருவிகளின் பெயர்கள், வீட்டு மருந்துகள், பிள்ளைப்பேறு பார்த்த பாட்டிகள், கூலி மறுக்கப்பட்ட நாட்கள், வெட்ட மறுத்த நாட்கள் எல்லாவற்றையும் அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். நமக்கு இதமானதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. குலத்தொழிலைப் போற்றவும் வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை அதை விட்டு வெளியேறியதற்கு வருந்தவும் வேண்டாம்.

நாங்கள் துலக்கிய கத்தியின் முதுகோரத்தில் துரு தின்ற குழிகள் உண்டு. அவை மறையும்வரை தேய்த்திருந்தால் அலகும் தேய்ந்து, முத்திரையும் அழிந்திருக்கும். குழிகளை அப்படியே விட்டு, எண்ணெய் பூசி, அந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கத்தி அவர்களுடையது. அதன் வரலாற்றை எழுதும் வேலை நம் எல்லோருடையது.